தியேட்டர் மூடிய ஊரில் திரை எங்கே இருக்கும்?

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், தன் ஊரில் உள்ள பாலஸ்தீனப் பண்பாட்டு மையத்தின் மாத நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார். ஒரு நாள் தப்கா நடன வகுப்பு, இன்னொரு நாள் பூத்தையல், வெள்ளிக்கிழமை படமும் அப்புறம் கலந்துரையாடலும். "இது சங்கமா, தியேட்டரா, பள்ளிக்கூடமா? பாலஸ்தீனத்திலேயே இப்படித்தானா? குண்டு விழுகிற ஊரில் சினிமா பார்க்க யார் வருவார்கள்?" என்பது கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். மூன்றும்தான். ஏன் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன என்பதுதான் பெரிய கதை. அது தியேட்டர்கள் மூடியதில் தொடங்குகிறது.

1987 வரை ஜெருசலேம், ரமல்லா, நாப்லஸ், ஜெனின், காசா எல்லா ஊரிலும் சினிமா கொட்டகைகள் இருந்தன. எகிப்துப் படங்கள், இந்திப் படங்கள், சண்டைப் படங்கள் என்று ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சி, முதல் இன்திஃபாதா, வெடித்தது. ஊரடங்கு ஒரு பக்கம், கடையடைப்பு ஒரு பக்கம். சாயங்காலம் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத ஊரில் இரண்டாவது ஆட்டம் எப்படி ஓடும்? பிள்ளைகள் சிறையில் இருக்கும்போது கேளிக்கை எதற்கு என்ற மனநிலையும் சேர்ந்துகொண்டது. கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. பலவும் மறுபடி திறக்கவே இல்லை. இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட 1993 ஒஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தபோது, வியாபாரிகள் கொட்டகை கட்ட வரவில்லை. அந்த இடத்தில் பண்பாட்டு மையங்கள்தான் முளைத்தன. அதனால் அங்கே ஒரு மையத்தில் படம் போடுகிறார்கள் என்றால் அது நம்மூர் திரைப்படச் சங்கம் மாதிரி சினிமா ரசிகர்களுக்கான கூடுதல் விருந்து இல்லை. பல இடங்களில் அந்த ஊரில் இருக்கும் ஒரே பெரிய திரை அதுதான்.

கிழக்கு ஜெருசலேமில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அல்-ஸஹ்ரா தெருவில் அல்-குத்ஸ் சினிமா என்று ஒன்று இருந்தது. 1987-இல் மூடிய அந்தக் கட்டடத்தைத்தான், 1995-இல் தொடங்கிய யபூஸ் என்ற அமைப்பு பல வருஷ உழைப்பில் புதுப்பித்துப் பண்பாட்டு மையமாக மாற்றியது. யபூஸ் என்பது ஜெருசலேமின் பழம்பெயர்களில் ஒன்று. இன்று அங்கே படம், இசைக் கச்சேரி, கண்காட்சி, குழந்தைகளுக்கான பட்டறை எல்லாம் நடக்கின்றன. அதற்கும் முன்னால், தீப்பிடித்துக் கிடந்த அல்-நுஸ்ஹா என்ற கொட்டகையை எல்-ஹகவாத்தி நாடகக் குழு வாடகைக்கு எடுத்து 1984-இல் நாடக அரங்காகத் திறந்தது. ஹகவாத்தி என்றால் கதைசொல்லி. அதுதான் பின்னாளில் பாலஸ்தீனத் தேசிய அரங்கு ஆனது.

இந்த அரங்கில் ஒரு நிகழ்ச்சி நடத்துவது என்றால் என்னவென்று சொல்ல இரண்டு சம்பவங்கள் போதும்.

2009 மே மாதம் பாலஸ்தீன இலக்கிய விழாவின் தொடக்க நாள். வெளிநாட்டு எழுத்தாளர்கள் வந்திருக்கிறார்கள், கூட்டம் கூடிவிட்டது. இஸ்ரேலியப் போலீஸ் வந்து அரங்கை மூடும்படி உத்தரவைக் காட்டுகிறது. கத்திக் கூச்சல் போட்டிருக்கலாம், கலைந்தும் போயிருக்கலாம். கூட்டம் அப்படியே எழுந்து, நடந்து போகும் தூரத்தில் இருந்த பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்துக்குப் போய் அங்கே விழாவை நடத்தியது. நிறைவு நாளிலும் அதே கதை. அன்று பிரிட்டிஷ் கவுன்சிலுக்கு மாறினார்கள்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. 2013 ஜூனில் அதே அரங்கில் குழந்தைகளுக்கான பொம்மலாட்ட விழா நடக்க இருந்தது. இஸ்ரேலின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கையெழுத்திட்ட உத்தரவால் அரங்கு சில நாட்களுக்கு மூடப்பட்டது. ஒஸ்லோவுக்குப் பின் வந்த தன்னாட்சி நிர்வாகமான பாலஸ்தீன ஆணையத்தின் பணம் இதில் இருக்கிறது என்பது காரணம். அரங்கின் நிர்வாகம் அதை மறுத்தது. இதற்கெல்லாம் பின்னால் 1994-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. பாலஸ்தீன ஆணையம் இஸ்ரேலுக்குள் அனுமதி இல்லாமல் எந்த நடவடிக்கையும் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். கிழக்கு ஜெருசலேமைத் தன்னுடையது என்று இஸ்ரேல் சொல்வதால் அங்கும் அது செல்லும். கைப்பாவைக்குக்கூடப் பணம் எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். 2020 ஜூலை 22 அன்று இஸ்ரேலியப் போலீசார் யபூஸ் மையத்துக்குள்ளும் எட்வர்ட் சைத் தேசிய இசைப் பள்ளிக்குள்ளும் புகுந்து கணினிகளையும் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டையும் நடத்திய ரானியா இலியாஸ், சுஹைல் கூரி தம்பதியைக் கைதுசெய்து பிறகு விட்டார்கள்.

ஜெருசலேமில் இப்படி என்றால் ஜெனின் வேறு மாதிரி. அந்த ஊரில் இரண்டு மேடைகளின் கதையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, சினிமா ஜெனின். 1950-களில் கட்டிய பெரிய கொட்டகை. 1987-இல் பூட்டு விழுந்தது. இருபது வருஷம் புறாக்கள்தான் குடியிருந்தன. மார்கஸ் ஃபெட்டர் என்ற ஜெர்மன் ஆவணப்பட இயக்குநர், இஸ்ரேலிய ராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்ட தன் மகனின் உறுப்புகளை இஸ்ரேலியர்களுக்குத் தானம் செய்த ஜெனின் தந்தையைப் பற்றிப் படம் எடுக்க அங்கே போனவர். படத்தை எடுத்து முடித்தார், ஆனால் அந்த ஊரில் போட்டுக் காட்ட இடமில்லை. தொண்டர்களைச் சேர்த்துக் கொட்டகையைச் சரிசெய்து 2010 ஆகஸ்டில் திறந்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆறே வருஷம். கட்டடம் கைமாறி, 2016 கடைசியில் இடிக்கப்பட்டது. வணிக வளாகத்துக்காக. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எல்லாவற்றையும் ராணுவமே இடித்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். இங்கே இடித்தது ரியல் எஸ்டேட். படம் பார்க்கும் பழக்கம் விட்டுப்போன ஊரில் டிக்கெட் விற்றுக் கொட்டகை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது, தமிழ்நாட்டில் கல்யாண மண்டபமான தியேட்டர்களைப் பார்த்த நமக்குப் புரியாததில்லை.

இன்னொன்று, ஜெனின் அகதிகள் முகாமுக்குள் இருந்த மேடை. ஆர்னா மெர் கமிஸ் என்ற யூதப் பெண்மணி முகாமுக்குள் போய்க் குழந்தைகளுக்குப் படிப்பும் ஓவியமும் சொல்லிக்கொடுத்தார். 1993-இல் அவருக்கு 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. முகாமில் ஒரு குடும்பம் தன் வீட்டு மேல்தளத்தைக் கொடுக்க, அங்கே பிள்ளைகளின் நாடக மேடை உருவானது. ஆர்னா 1995-இல் புற்றுநோயில் இறந்தார். 2002-இல் ராணுவம் முகாமின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியபோது அந்த வீடும் மேடையும் போயின. ஆர்னாவின் மகன் ஜூலியானோ, நடிகர், அப்பா பாலஸ்தீனர். அவர் கேமராவோடு திரும்பி வந்து, அவர்களின் சிறுவயதில் தான் படம்பிடித்த அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தேடினார். அதிலிருந்து 2004-இல் வந்த 'ஆர்னாவின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பாலஸ்தீனப் படங்களில் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்பவருக்கு நான் சிபாரிசு செய்வேன். மேடையில் நடித்துச் சிரித்த பையன்கள் சில வருஷத்தில் துப்பாக்கியோடு நிற்பதையும், அப்புறம் சுவரொட்டியில் முகமாக மட்டும் மிஞ்சுவதையும் அதே படத்தில் பார்ப்பீர்கள். கலை வன்முறையைத் தடுத்துவிடும் என்று எந்த நன்கொடை விண்ணப்பத்தில் படித்தாலும் எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வரும்.

ஜூலியானோ 2006-இல் முகாமில் ஃப்ரீடம் தியேட்டரைத் தொடங்கினார். ஆண்களும் பெண்களும் ஒரே மேடையில் நடிப்பதை முகாமில் எல்லோரும் ரசிக்கவில்லை. 2011 ஏப்ரல் 4 அன்று அரங்குக்கு வெளியே, காரில் இருந்தவரை முகமூடி அணிந்தவன் சுட்டுக் கொன்றான். யார் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. அரங்கு மூடவில்லை, நடிப்புப் பள்ளி, புகைப்பட வகுப்பு, திரைப்பட வகுப்பு, தெருக்களைச் சுற்றி வரும் நாடகப் பயணம் என்று தொடர்ந்தது. டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழுவோடு சேர்ந்து இந்தியாவிலும் நாடகம் போட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பர் 13 அன்று ராணுவம் உள்ளே புகுந்து பொருட்களை உடைத்து, ஸ்பிரே பெயின்டால் யூதச் சின்னங்களை வரைந்துவிட்டுப் போனது. பிடித்துப் போன கலை இயக்குநர் அஹமத் தோபாசியை மறுநாள் விட்டார்கள். பொது மேலாளர் முஸ்தஃபா ஷெத்தாவை விடவில்லை. குற்றச்சாட்டும் இல்லை, வழக்கும் இல்லை; நிர்வாகக் காவல் என்ற பெயரில் அவர் வெளியே வந்தது 2025 மார்ச்சில். அதற்குள், அதே ஆண்டு ஜனவரியில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் முகாமே காலியாகிவிட்டது. பார்வையாளர்கள் எல்லோரும் இடம்பெயர்ந்துவிட்ட அரங்கு அது. குழு இப்போது முகாமுக்கு வெளியே, மக்கள் போய்த் தங்கியிருக்கும் இடங்களுக்குப் போய் வேலை செய்கிறது.

காசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விட முடியாது. அங்கே சாமிர் சினிமா 1944-லேயே வந்துவிட்டது. எல்லாம் மூடிக் கிடந்து, 2017 ஆகஸ்டில் அதே சாமிரின் பழைய கூடத்தில் ஒரே ஒரு நாள் படம் போட்டபோது, முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு தியேட்டருக்குள் படம் என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். இடையில் 2015-இல், முந்தைய ஆண்டுப் போரில் இடிந்து கிடந்த ஷுஜாயியா பகுதியில் சிவப்புக் கம்பளம் விரித்துத் திரைப்பட விழா நடத்தினார்கள். பிரான்சில் கான் திரைப்பட விழா நடக்கும் அதே சமயத்தில். கம்பளத்தின் இரண்டு பக்கமும் உடைந்த வீடுகள். நட்சத்திரங்கள் நடக்க வேண்டிய இடத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் நடந்தார்கள். நாடகங்களும் கச்சேரிகளும் நடந்துவந்த சயீத் அல்-மிஷால் பண்பாட்டு மையம் 2018 ஆகஸ்ட் 9 வான்தாக்குதலில் விழுந்தது. பெரிய அரங்கும் நூலகமும் இருந்த ரஷாத் ஷவா பண்பாட்டு மையத்தில் 1998-இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் பேசியிருக்கிறார். அது 2023 நவம்பரில் போரில் அழிந்தது. போருக்குள் இருந்தபடியே காசா இயக்குநர்கள் எடுத்த 22 குறும்படங்களை ரஷீத் மஷராவி 'ஃப்ரம் கிரவுண்ட் ஜீரோ' என்ற பெயரில் தொகுத்து 2024-இல் வெளியிட்டார். எடுத்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து சேர்ந்து பார்க்க அந்த நகரத்தில் ஒரு கூடம் இல்லை. மஷராவி காசாவின் ஷாத்தி முகாமில் பிறந்தவர். தொண்ணூறுகளில் ரமல்லாவில் ஒரு தயாரிப்பு மையத்தை வைத்துக்கொண்டு, நம்மூர் டூரிங் டாக்கீஸ் மாதிரி முகாம் முகாமாகத் திரையைத் தூக்கிக்கொண்டு போனவர்.

படத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்காட்சிக்கு வருகிறேன்.

ரமல்லாவில் 1979-இல் 'கேலரி 79' என்று ஓவியர்கள் ஒரு கண்காட்சிக்கூடம் திறந்தார்கள். அடுத்த ஆண்டே ராணுவம் மூடியது. அப்போது சுலைமான் மன்சூர், நபீல் அனானி, இஸாம் பத்ர் மூவரையும் அதிகாரி கூப்பிட்டுப் பேசினார். மன்சூர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அரசியல் வேண்டாம், அழகான பெண்களை வரையுங்கள், பூக்களை வரையுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்கிற ரீதியில் பேச்சு. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை சேர்ந்து வரக் கூடாது. அது கொடியின் நிறம். அந்த நிறங்களில் ஒரு பூ வரைந்தால் என்று பத்ர் கேட்டாராம். தர்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்று பதில் வந்ததாம். இன்று உலகம் முழுக்கப் பதாகையில் தர்பூசணியைப் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் சொல்லப்படும் கதைகளில் இது ஒன்று. 1987-இல் இதே மன்சூரும் அனானியும், வேரா தமாரி, தைசீர் பரகாத் இருவரோடும் சேர்ந்து, இஸ்ரேலியக் கடையில் வாங்கும் சாயமும் கித்தானும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மன்சூர் மண்ணையும் வைக்கோலையும் குழைத்து ஓவியம் செய்தார். காயும்போது மண் வெடித்தது. அந்த வெடிப்பையே ஓவியத்தின் பகுதியாக வைத்துக்கொண்டார். அனானி தோலில் செய்தார், பரகாத் மரத்தைச் சுட்டு வரைந்தார்.

பூத்தையல் வகுப்பும் இதே குடும்பம்தான். தத்ரீஸ் என்பார்கள். கிராஸ் ஸ்டிச் மாதிரி இருக்கும். முன்பு ஒரு பெண்ணின் அங்கியின் மார்புத் தையலைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். ரமல்லாப் பக்கம் வெள்ளைத் துணியில் சிவப்பு நூல். பெத்லகேமில் தங்க நூல் வேலை. முதல் இன்திஃபாதாவில் கொடி பிடித்தால் கைது என்றபோது பெண்கள் கொடியையும் வரைபடத்தையும் அங்கியிலேயே தைத்துப் போட்டுக்கொண்டார்கள். உடுத்தியிருப்பதை உருவ முடியாதல்லவா? தத்ரீஸை 2021-லும் தப்காவை 2023-லும் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. சான்றிதழ் கிடைத்தது நல்லதுதான், ஆனால் அகதிகள் முகாமில் அழிந்துபோன கிராமத்தின் தையல் பின்னாளில் பிறந்த பேத்தியின் கைக்கு வந்தது வகுப்புகளாலும் பாட்டிகளாலும்தான்.

சரி, படத்துக்குப் பிறகு ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறார்கள்? படம் பதினைந்து நிமிஷம், பேச்சு ஒரு மணி நேரம் என்று ஆகிவிடுவது உண்டு. ஒரு காரணம், இயக்குநரே வர முடியாததுதான். ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ரமல்லா இருக்கும் மேற்குக் கரையின் அடையாள அட்டை வைத்திருப்பவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் கலந்தியா சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. காசாக்காரர் கதை சொல்லவே வேண்டாம். அதனால் திரையில் படம் முடிந்ததும் அதே திரையில் இயக்குநரின் முகம் வரும், இணைப்பு அறுந்து அறுந்து.

இன்னொரு காரணம் பழைய படங்கள். 1968-இல் அம்மானில் முஸ்தஃபா அபு அலி, ஹானி ஜௌஹரியா, சுலாஃபா ஜாதல்லா மூவரும் பாலஸ்தீனத் திரைப்படப் பிரிவைத் தொடங்கினார்கள். சுலாஃபா அரபு உலகின் முதல் பெண் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். ஹானி 1976-இல் லெபனானில் படம்பிடித்துக்கொண்டிருக்கும்போதே கொல்லப்பட்டார். அவர்கள் சேர்த்து வைத்த படச்சுருள்கள் 1982-இல் பெய்ரூட் முற்றுகையோடு காணாமல் போயின. ராணுவம் அங்கிருந்து அள்ளிச் சென்றவற்றில் ஒரு பகுதி இஸ்ரேலிய ஆவணக்காப்பகத்தில் இருப்பதைப் பின்னால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஏதோ ஒரு நாட்டு நண்பரின் அலமாரியில் கிடைத்த ஒரு பிரதியைச் சரிசெய்து போடும்போது, கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து அந்தத் தெரு எங்கே, அந்த ஆள் யார் என்று அடையாளம் சொல்வார். அந்தப் பேச்சே படத்தின் காணாமல் போன பாதி.

பண விவகாரத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். டிக்கெட் காசில் எந்த மையமும் ஓடாது. வெளிநாட்டு நிதி வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய நிதிகளோடு பயங்கரவாத எதிர்ப்பு நிபந்தனை ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். தன் ஊர் அரசியல் கட்சியையே பயங்கரவாதம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது என்று பல அமைப்புகள் பணத்தைத் திருப்பிவிட்டன. அதற்குப் பிறகு அந்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது நிகழ்ச்சி நிரலில் தெரியாது.

யார் வருவார்கள் என்று கேட்டீர்கள். ஃபிலிம்லாப் பாலஸ்தீன் என்ற அமைப்பு 2014 முதல் நடத்தும் பாலஸ்தீன சினிமா நாட்கள் விழாவுக்கு ரமல்லாவில் மட்டுமில்லை, பல ஊர்களிலும் திரை கட்டுவார்கள். 2023 அக்டோபரில் போரால் விழா நடக்கவில்லை. பதிலுக்கு, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு என்று பிரிட்டன் 1917-இல் சொன்ன பால்ஃபர் பிரகடனம் வந்த நவம்பர் 2-ஆம் தேதி உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் படம் போடலாம் என்று திறந்துவிட்டார்கள். புத்தகக் கடை, கல்லூரி வகுப்பறை, வீட்டு மாடி என்று போட்டார்கள். பிறகு அது ஆண்டுதோறும் தொடர்கிறது. உங்கள் ஊர் மையத்தின் நவம்பர் நிரலில் 2-ஆம் தேதி அநேகமாக ஏதாவது இருக்கும்.

வெள்ளிக்கிழமை போவதென்றால் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். படம் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது, ஆனால் ஏலக்காய் போட்ட காபி தீர்ந்துவிடும். சப்டைட்டில் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். எதை ஆதரிக்கிறாய் என்று யாரும் உங்களைப் பரீட்சை வைக்கப் போவதில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்பார்கள், திரும்ப நீங்களும் கேளுங்கள். சிகாகோவில் பிறந்த பெண்கூட, தன் கொள்ளுப்பாட்டி விட்டு வந்த கிராமத்தின் பெயரைத்தான் சொல்லக்கூடும். முடிந்தால் புதன்கிழமை தையல் வகுப்புக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆண்களும் வருவதுண்டு. முதல் நாள் ஒரு சைப்ரஸ் மரம் தைக்கச் சொல்வார்கள். பின்பக்கம் முடிச்சு தெரியாமல் தைப்பதற்குள் விரல் நுனி புண்ணாகிவிடும்.